ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியேறுவது? பைக் பிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை முடிந்துவிட்டது, பைக் மீதான ஆசை முடியவில்லை. இனி இருக்கப்போகும் ஊரைப் பைக்கையும் மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: வருடத்துக்கு ஒருமுறை போகும் பெரிய பயணத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை கிளம்பி, மதியத்துக்குள் வீடு திரும்பும் ரைடை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பெரிய பயணத்துக்கு எந்த ஊரிலிருந்தும் கிளம்பலாம்.

புகழ்பெற்ற மலைச்சாலை ஒன்றின் அருகிலேயே வீடு பார்த்தால் என்ன?

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். நான் வேண்டாம் என்பேன். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2,757 மீட்டர் உயரம், ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் குளிர்காலம் முழுக்கப் பனி மூடி, சாலை அடைத்தே கிடக்கும். திறந்திருக்கும் மாதங்களில் சைக்கிள்காரர்கள், சுற்றுலாப் பேருந்துகள், வேன்கள் எல்லாம் அதே வளைவுகளில்தான் ஏறுவார்கள். அமெரிக்காவில் டெனசி, வட கரோலினா எல்லையில் இருக்கும் 'டிராகன் வால்' சாலையில் சுமார் 18 கிலோமீட்டருக்குள் 318 வளைவுகள் என்பார்கள். வார இறுதியில் அங்கே முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு சாலை எவ்வளவு அழகாக இருந்தாலும் தினமும் ஓட்டினால் சலிக்கும். அதைவிட மோசமானது, அது பழகிப்போய்விடும். ஒவ்வொரு வளைவும் மனப்பாடமான பிறகுதான் கவனம் சிதறுகிறது.

தேட வேண்டியது சாலைகளின் பின்னல். வரைபடத்தில் நீங்கள் நினைக்கும் ஊரைச் சுற்றி 50 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். போன வழியில் திரும்பாமல் வீடு வந்து சேரும் சுற்றுகள் அதற்குள் எத்தனை அமைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நாலைந்து தனித்தனிச் சுற்றுகள் இருந்தால் நல்ல ஊர். எல்லாச் சுற்றும் ஒரே நெடுஞ்சாலை வழியாகத்தான் ஆரம்பிக்கிறது என்றால், அந்த நெடுஞ்சாலைதான் உங்கள் ஓய்வுக்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பெயரே தெரியாத மாவட்டச் சாலைகள்தான் அருமையாக இருக்கும்: போக்குவரத்து குறைவு, தார் நன்றாக இருக்கும், அளவான மேடும் பள்ளமும், வளைவின் மறுமுனை கண்ணுக்குத் தெரியும்.

தட்பவெப்பத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

மாதச் சராசரி வெப்பநிலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சராசரி 20 டிகிரி என்று போட்டிருக்கும். காலையில் 8, பிற்பகலில் 32 என்று இருக்கும். நீங்கள் ஓட்டும் நேரத்தின் வெப்பநிலையைப் பாருங்கள். மழையையும் மில்லிமீட்டரில் பார்ப்பதைவிட, மாதத்தில் எத்தனை நாள் மழை பெய்கிறது என்று பாருங்கள். மாலையில் மட்டும் கொட்டித் தீர்க்கும் ஊரில் காலை முழுக்க ஓட்டலாம். நாள் பூராவும் தூறிக்கொண்டிருக்கும் ஊரில் அளவு குறைவாக இருந்தும் ஓட்ட முடியாது.

குளிரைப் பைக்காரர்கள் குறைத்து மதிப்பிடுகிறோம். காற்று 10 டிகிரியில் இருக்கும்போது 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திறந்த தோலுக்கு அது சுமார் 4 டிகிரி போல உறைக்கும். இளவயதில் விரல் மரத்தால் வண்டியை நிறுத்திக் கையைத் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். வயதாகும்போது ரத்த ஓட்டம் மெதுவாகத்தான் திரும்புகிறது, அதற்குள் பிரேக் லீவரின் உணர்வே கையில் இருக்காது. சூடேற்றும் கைப்பிடி, சூடேற்றும் ஜாக்கெட் எல்லாம் இருந்தால் சீசன் சில வாரங்கள் நீளும், அவ்வளவுதான். பனி விழும் நாடுகளில் சாலையில் தூவும் உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். பனி உருகிய பிறகும் நல்ல மழை வந்து கழுவும்வரை அந்த உப்பு சாலையிலேயே கிடந்து செயினையும் போல்ட்டுகளையும் தின்னும்.

வெயில் வேறு விதமான எதிரி. தோலின் வெப்பநிலை 35 டிகிரிக்குப் பக்கம். காற்று அதைத் தாண்டிச் சூடாகிவிட்டால், வேகமாகப் போவதால் உடம்பு குளிர்வதில்லை, சூட்டைத்தான் வாங்கிக்கொள்கிறது. அப்போது வியர்வை ஆவியாவது ஒன்றுதான் துணை. வறண்ட ஊரில் நீரில் நனைத்துப் போடும் குளிர்ச்சி வெஸ்ட் நன்றாக வேலை செய்யும். புழுக்கமான ஊரில் அது வெறும் ஈரத்துணி. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் உடம்பின் நீரைக் குறைக்கும், சில மாத்திரைகள் உடம்பு சூட்டை வெளியேற்றும் திறனைக் குறைக்கும். ஆகவே வெப்பமான ஊருக்குப் போகும் முடிவை உங்கள் மருத்துவரிடமும் சொல்லிக் கேளுங்கள்.

வெப்ப நாடுகளில் நான் சொல்லும் வழி, உயரத்தைப் பயன்படுத்துவது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். 600 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் பெரும்பாலும் இரண்டு உலகத்துக்கும் நடுவில் அமையும்: குளிர்காலத்தில் கீழே இறங்கி ஓட்டலாம், கோடையில் மேலே ஏறி ஓட்டலாம். உயரத்தில் காற்று மெலிவதால் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எஞ்சின் சக்தி குறையும். ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டி பெட்ரோலைத் தானே சரிசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகு) மாற்றாவிட்டால் பெட்ரோல் கலவை அதிகமாகி, கரும்புகையும் இடறலும் வரும்.

காற்றின் தரத்தையும் மறக்க வேண்டாம். தாய்லாந்தின் சியாங் மாய் பைக்காரர்களுக்குப் பிடித்த ஊர். அங்கிருந்து கிளம்பும் மே ஹாங் சான் சுற்று சுமார் 600 கிலோமீட்டர், 1,864 வளைவுகள் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல் தாள்களையும் காடுகளையும் எரிக்கும் புகை பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். டிசம்பரில் போய்ப் பார்த்துவிட்டு வீடு பிடிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

கடலோரம் எப்படி?

மனதுக்கு நல்லது, வண்டிக்குக் கெட்டது. உப்புக்காற்று முதலில் ஸ்போக்குகளிலும் மின் கனெக்டர்களிலும் வேலையைக் காட்டும். அப்புறம் முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஊசிமுனை அளவில் குழிகள் விழும். அந்தக் குழிகள் ஆயில் சீலைக் கிழிக்க, எண்ணெய் வழிந்து பிரேக் பக்கம் போகும். திறந்தவெளியில் உறை போட்டு மூடிவைத்தால் ஈரம் உள்ளேயே அடைபடும், அது இன்னும் மோசம். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி வீடு பார்த்து, மூடிய ஷெட்டும் நன்னீர்க் குழாயும் இருந்தால் சமாளிக்கலாம்.

வீட்டில் பைக்குக்காக என்னென்ன பார்க்க வேண்டும்?

சாலைக்கு அடுத்து நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பலர் வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது சமையலறையையும் பால்கனியையும் பார்த்துவிட்டு, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்று ஒரு டிக் போட்டுவிடுகிறார்கள். அந்த இடத்துக்கு வண்டி எப்படிப் போகும், எப்படி வரும் என்று பார்ப்பதில்லை.

230 கிலோ வண்டியைச் சரிவான சரளைப் பாதையில் பின்னோக்கித் தள்ளுவதை நினைத்துப் பாருங்கள். இடது கால் ஊன்றும்போது சரளை உருளும். வண்டி உங்களை விட்டு அந்தப் பக்கம் சாயத் தொடங்கும். குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டிவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது, பிடிக்க முயன்றால் இடுப்புதான் போகும். சாலையில் விழாமல் பல ஆண்டுகள் ஓட்டியவர்கள் வீட்டு வாசலில் வண்டியைச் சாய்த்துக் காயப்பட்டதை நிறைய பார்த்திருக்கிறேன். எனவே ஒரே விதி: முன்னோக்கியே உள்ளே போய், திருப்பி, முன்னோக்கியே வெளியே வர இடம் வேண்டும். முடியாவிட்டால் பின்னோக்கி வருவது சமதளத்திலாவது இருக்கட்டும்.

கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். ஹேண்டில்பார் மட்டுமே 80, 90 சென்டிமீட்டர் வரும். பக்கப்பெட்டி மாட்டினால் சில வண்டிகள் ஒரு மீட்டரை எட்டிவிடும். உள்ளே சென்டர் ஸ்டாண்ட் போட்டு இரண்டு பக்கமும் நடக்க இடம் வேண்டும். தரை கான்கிரீட்டாக, ஈரத்தில் வழுக்காததாக இருக்கட்டும். பேட்டரி சார்ஜருக்கு ஒரு பிளக், தரையில் பதித்த பூட்டுக் கொக்கி, நல்ல விளக்கு, குனியாமல் வேலை செய்ய முடிந்தால் ஒரு லிஃப்ட் மேசை. முட்டி வலி வந்த பிறகு தரையில் உட்கார்ந்து செயினைச் சுத்தம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அடுக்குமாடி வீடு என்றால் குடியிருப்போர் சங்கத்தின் விதிகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். நிறுத்துமிடத்தில் சார்ஜர் போடவோ பழுது பார்க்கவோ சில இடங்களில் அனுமதி கிடையாது.

மருத்துவமனை எவ்வளவு தூரத்தில் இருந்தால் போதும்?

தூரத்தைவிட அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். இருபத்துநாலு மணி நேர விபத்துப் பிரிவு, எலும்பு அறுவைச் சிகிச்சை, தலைக்கு சி.டி. ஸ்கேன் இந்த மூன்றும் இருக்கும் மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். அறுபதைத் தாண்டியவருக்கு விலா எலும்பு முறிவே நுரையீரல் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலையில் சின்ன அடிகூட உள்ளே ரத்தக்கசிவாக மாறலாம். அப்படிப்பட்டவர்கள் மாத்திரையின் பெயரைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ, ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியோ வைத்திருக்க வேண்டும்.

கூடவே ஒன்று. உங்களுக்குப் பிடித்த சாலைகளில் மொபைல் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆளில்லாத சாலையின் அழகு நமக்குத் தெரியும்தான். அங்கே விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்பதற்கும் பதில் வேண்டும்.

வயதாவதால் எந்த மாதிரிச் சாலைகளைத் தவிர்க்க வேண்டும்?

இருட்டில் வீடு திரும்ப வைக்கும் சாலைகளை. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம் 20 வயதுக்காரருக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எதிர் விளக்கு கூசிய பிறகு பார்வை தெளிய அதிக நேரமும் எடுக்கும். சாலையில் விலங்குகள் குறுக்கே வருவதும் பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான். ஆகவே நல்ல சாலைக்குப் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும் ஊர் என்றால், திரும்பும்போது அந்தி ஆகிவிடும். நல்ல சாலை வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எதிர்வினை நேரத்தின் கணக்கு எளிது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்து பிரேக்கைத் தொட ஒரு நொடிக்குப் பதில் ஒன்றரை நொடி ஆனால், பிரேக் பிடிக்கும் முன்பே கூடுதலாக 14 மீட்டர் போய்விடும். 60 வேகத்தில் அதே அரை நொடிக்கு 8 மீட்டர்தான். 60, 70 வேகத்திலேயே மகிழ்ச்சி தரும் வளைவான சாலைகள் இருக்கும் ஊர் நமக்கு ஏற்றது. 120-இல் போனால்தான் சுவாரஸ்யம் என்கிற நேர்ச்சாலை ஊர் இல்லை.

பக்கத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டர் இருந்தாக வேண்டுமா?

உங்கள் வண்டியைப் பொறுத்தது. ஆயில், செயின், பிரேக் பேட் எல்லாம் ஒரு நல்ல ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். கம்ப்யூட்டர் மாட்டித்தான் எச்சரிக்கை விளக்கை அணைக்க முடியும் என்கிற வண்டியானால், 200 கிலோமீட்டருக்குள் சர்வீஸ் சென்டர் இல்லாத ஊர் தலைவலி. டயர் மாற்றும் வசதியைத் தனியாக விசாரியுங்கள். கார் டயர் கடைகள் பல பைக் டயரைத் தொடாது.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரத்தில் செய்தது. விற்பனை குறைவான சிறு ஊர்க் கடைகளில் அலமாரியிலேயே வயதான டயர்கள் கிடைக்கும்.

வேறு நாட்டில் குடியேறினால்?

இங்கேதான் விசாரணை அதிகம் வேண்டும். முதலில் லைசென்ஸ். சுற்றுலாப் பயணியாகப் போகும்போது பல நாடுகளில் சொந்த நாட்டு லைசென்சோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தால் போதும். குடியிருப்பவராகிவிட்டால் பெரும்பாலான நாடுகள் உள்ளூர் லைசென்சாக மாற்றச் சொல்லும். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவு இருக்க வேண்டும். கார் பிரிவு மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினால் விபத்தின்போது இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். வயது வரம்புகளும் உண்டு. பிரிட்டனில் 70 வயதில் லைசென்ஸ் காலாவதியாகும், பிறகு 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஜப்பானில் 75-ஐத் தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது ஞாபகசக்தி, புரிதல் பற்றிய சோதனைக்கு உட்பட வேண்டும்.

பிரியமான வண்டியைக் கூடவே கொண்டுபோவது சில இடங்களில் நினைத்ததைவிட எளிது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குறைந்தது 12 மாதம் வசித்துவிட்டு அங்கே குடிபெயர்பவர், 6 மாதமாவது தன் பெயரில் பயன்படுத்திய வண்டியைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். வந்து 12 மாதத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் டிம் விளக்கின் ஒளி சாலை ஓரத்தின் பக்கம் கொஞ்சம் உயர்ந்து விழும்படி செய்திருப்பார்கள். பக்கம் மாறிய நாட்டில் அதே ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியிருக்கலாம்.

சத்தத்துக்கும் புகைக்கும் தனி விதிகள் உண்டு. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ராய்ட்டே பகுதியின் சில மலைச்சாலைகளில், 2020 முதல் கோடை சீசனில் நின்ற நிலையில் அளந்த சத்தம் 95 டெசிபலுக்கு மேல் என்று பதிவான பைக்குகளுக்கு அனுமதி இல்லை. சைலன்சரை மாற்றினாலும் பயனில்லை, பதிவுச் சான்றிதழில் இருக்கும் எண்தான் கணக்கு. லண்டனின் மிகக் குறை உமிழ்வு மண்டலத்தில் (ULEZ) யூரோ 3 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்துக்குக் குறைந்த பைக்குகள் தினக் கட்டணம் கட்ட வேண்டும். பழைய வண்டிகள் வைத்திருப்பவர்கள் ஊர் பார்க்கும் முன்பே இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

கூட ஓட்ட ஆள் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் வார நாளில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். வேலைக்குப் போகும் இளைஞர்களின் குழு ஞாயிறு அதிகாலை வேகமாகக் கிளம்பும். உங்களுக்கு வேண்டியவர்கள் புதன்கிழமை பத்து மணிக்குக் கிளம்புபவர்கள்.

மனைவிக்கோ கணவருக்கோ பைக்கில் ஆர்வமே இல்லை. என்ன செய்வது?

அப்படியானால் அவருடைய பட்டியலை முதலில் எழுதுங்கள், உங்களுடையதை அடுத்து. நீங்கள் காலையில் நாலு மணி நேரம் வெளியே போகிறீர்கள். அந்த நாலு மணி நேரமும் மீதி இருபதும் அவர் அந்த ஊரில் எப்படி இருப்பார் என்பதுதான் கேள்வி. தோழிகள் அல்லது நண்பர்கள், நடந்துபோகும் தூரத்தில் கடை, நூலகம், பேரக்குழந்தைகள் வந்துபோக ரயில் வசதி, இவை எதுவும் இல்லாமல் வளைவுகள் மட்டும் இருக்கும் ஊரில் ஒருவர் சந்தோஷத்துக்கு மற்றவர் தனிமையால் விலை கொடுக்கிறார். நல்ல சாலைகள் பல ஊர்களைச் சுற்றி இருக்கின்றன. இருவருக்கும் பொருந்தும் ஊரைத் தேட நேரமும் இருக்கிறது.

ஓட்ட முடியாத நாள் வந்தால் அந்த ஊரில் என்ன செய்வேன்?

இதைக் கேட்காமல் வீடு வாங்காதீர்கள். அந்த நாள் ஒரேயடியாக வருவதில்லை, படிப்படியாகத்தான் வரும். முதலில் எடை குறைந்த வண்டிக்கு மாறலாம். இடது கை மூட்டு வலித்தால் கிளட்ச் லீவர் இல்லாத வண்டிகள் இருக்கின்றன. ஹோண்டா 2010 மாடலில் தொடங்கிய இரட்டை கிளட்ச் தானியங்கி கியர் இன்று அவர்களின் பல வண்டிகளில் வருகிறது. கோல்ட் விங் போன்ற பெரிய வண்டியில் பின்னோக்கி நகர்த்த மோட்டார் உதவி உண்டு. கால் ஊன்றுவதே சிரமம் என்றால் மூன்று சக்கரம். அதில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: கேன்-ஆம் ஸ்பைடர் சாயாது, நின்றால் தானே நிற்கும். யமஹா நிக்கென் வளைவில் சாயும், நிறுத்தும்போது நீங்கள்தான் காலூன்றித் தாங்க வேண்டும்.

அதற்கும் அப்புறம் பைக் இல்லாத நாட்கள். அப்போது மருந்துக்கடைக்கும் கடைவீதிக்கும் நடந்தோ பேருந்திலோ போக முடிகிறதா? ஊருக்கு வெளியே மலைமுகட்டில் தனி வீடு, அறுபதில் சொர்க்கம், எண்பதில் சிறை. வளைவுச் சாலைகளுக்குக் கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் நடுத்தர ஊர், அதிலும் ஊருக்குள்ளேயே வீடு என்பதுதான் என் தேர்வு.

முடிவெடுக்கும் முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

வாடகைக்கு இருந்து பாருங்கள். அதுவும் அந்த ஊரின் மோசமான பருவத்தில். எல்லா ஊரும் சுற்றுலா சீசனில் அழகாகத்தான் இருக்கும். சொந்த வண்டியைக் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் அதே எடையில் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். வார நாளில் ஒருமுறை, வார இறுதியில் ஒருமுறை ஒரே சுற்றை ஓட்டிப் பாருங்கள். ஒரு சின்ன சர்வீசை உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பாருங்கள், அவர் டார்க் ரென்ச்சை (போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் கருவி) எடுக்கிறாரா என்று கவனியுங்கள். லாரிகள் எந்த நேரத்தில் எந்தச் சாலையில் போகின்றன, அறுவடைக் காலத்தில் எங்கே மண் கொட்டிக் கிடக்கும், எந்த வளைவில் நிழலில் பாசி படியும் என்பதை பெட்ரோல் பங்கிலும் தபால்காரரிடமும் கேளுங்கள். வீட்டுத் தரகருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது.